பழைய ஹைலக்ஸ் 3எல் டீசல் என்ஜின்: ஒயில் விளக்கு மினுங்குகிறது, தடித்த ஒயிலுக்கு மாறலாமா?

கண்டாவளையான்

வணக்கம். எங்கள் வீட்டில் 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் ஒன்று உள்ளது. டேர்போ இல்லாத 3எல் என்ஜின், 2,779 சீசீ. விதைநெல், உரம், அறுவடைக் காலத்தில் மூடைகள், இடையிடையே குடும்பப் பயணங்கள் என எல்லாவற்றுக்கும் இதுவே பயன்படுகிறது. முன்னைய உரிமையாளரின் காலத்திலேயே கிலோமீற்றர் மானி நின்றுவிட்டதால், என்ஜின் உண்மையில் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று சொல்ல எவரும் இல்லை. ஓட்டத்தைக் கணக்கிட வழியில்லாத நிலையில், காலபோக அறுவடை முடிந்ததும் ஒருமுறை, சிறுபோகம் முடிந்ததும் ஒருமுறை என ஒயிலை மாற்றி வருகிறோம். ஊற்றுவது 15டபிள்யூ-40.

ஏ9 வீதியில் சுமையோடு நீண்ட நேரம் ஓடிவந்து பரந்தன் சந்தியில் நிறுத்தினால், என்ஜின் வெறும் ஓட்டத்தில் நிற்கும்போது ஒயில் அழுத்த விளக்கு மங்கலாக மினுங்குகிறது. அக்சிலரேற்றரைச் சற்றுத் தொட்டதும் அணைந்துவிடுகிறது. காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இந்த மினுங்கல் இல்லை.

கேட்ட இடமெல்லாம் வெவ்வேறு யோசனைகள் கிடைத்தன. ஒருவர் 20டபிள்யூ-50 ஒயிலுக்கு மாறி, அதனுடன் தடிப்பைக் கூட்டும் திரவம் ஒன்றையும் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர், சம்பில், அதாவது என்ஜினின் அடியில் ஒயில் தங்கும் தட்டில், ஒரு லீற்றர் டீசல் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு உள்ளே கழுவ வேண்டும் என்கிறார். மூன்றாமவர் என்ஜினை இறக்கிப் பெயாரிங்குகளை மாற்றாவிட்டால் ஒரு போகம்கூடத் தாங்காது என்கிறார். புதிய ஒயில் இரண்டொரு நாளிலேயே கறுத்துவிடுவதும் எனக்கு ஐயத்தைத் தருகிறது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபோதிலும், புதிய கப் ரக வாகனம் ஒன்றின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இந்த என்ஜினைத்தான் காப்பாற்றியாக வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

ஸ்பானர்

தம்பி, அந்த மூன்றில் எதையும் செய்வதற்கு முன் ஒயில் அழுத்தத்தை அளந்து பாருங்கள். முகப்பில் எரியும் விளக்கு அளவு எதையும் சொல்வதில்லை. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டதாக ஒரு மலிவான சுவிட்ச் கருதுகிறது என்பதை மட்டுமே அது தெரிவிக்கிறது. அந்தச் சுவிட்சின் உள்ளே இருப்பவை ஒரு மெல்லிய சவ்வும் ஒரு சுருளியும். முப்பது ஆண்டு வெப்பத்தில் அவை தளர்ந்த பின், அழுத்தம் போதுமானதாக இருக்கும்போதே விளக்கு எரிவதும் உண்டு. அழுத்தமே இல்லாதபோது எரியாமல் இருப்பதும் உண்டு. பின்னையதுதான் ஆபத்தானது என்பதால், சுவிட்சை எப்படியும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

அளப்பதற்குச் சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் இயந்திர வகை அழுத்தமானி ஒன்றைப் பொருத்த வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. டொயோட்டா சுவிட்சின் புரி, எட்டில் ஒரு அங்குலப் பிரித்தானியக் கூம்புப் புரி. அங்குலத்துக்கு 28 சுற்றுகள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அமெரிக்க வகை இணைப்பானில் 27 சுற்றுகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதல் இரண்டு சுற்று தடையின்றி ஏறவும் செய்யும். அதற்குப் பின்னும் வலிந்து இறுக்கினால் என்ஜின் உடலில் உள்ள புரி கெட்டுவிடும், சில நூறு ரூபா இணைப்பான் ஒன்றுக்காகப் பெரிய வேலை வந்து சேரும்.

என்ஜின் முழுமையாகச் சூடேறிய பிறகு, அதாவது நீங்கள் பரந்தன் சந்தியில் நிற்கும் அதே நிலையில், வெறும் ஓட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 0.3 கிலோகிராமுக்குக் குறையாமலும், நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளில் 2.5 முதல் 6 கிலோகிராம் வரையிலும் அழுத்தம் இருந்தால், எல் வரிசை என்ஜினுக்கு அது போதுமானது. வெறும் ஓட்டத்துக்கான எல்லை ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 4 இறாத்தல்) மட்டுமே என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். ஆனால் சுமையற்று மெதுவாகச் சுழலும் என்ஜினின் பெயாரிங்கில் ஒயில் படலம் நிலைப்பதற்கு அதற்கு மேல் தேவையில்லை. 3,000 சுற்றில் கிடைக்கும் அளவையே நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

அளவு உண்மையாகவே குறைவாக இருந்தால் அதற்கான காரணங்கள் சிலவே: பெயாரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம், ஒயில் பம் தேய்ந்திருக்கலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அழுக்கில் சிக்கித் திறந்தபடி நிற்கலாம், சம்பின் அடியிலுள்ள உறிஞ்சு வலை படிவுகளால் அடைபட்டிருக்கலாம், அல்லது ஒயிலில் டீசல் கலந்து அது நீர்த்துப் போயிருக்கலாம். கடைசியாகச் சொன்னதை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். அளவுக்கோலில் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறதா, விரலில் எடுத்து முகர்ந்தால் டீசல் மணக்கிறதா என்று பாருங்கள். உங்கள் என்ஜினில், டீசலைச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம், வால்வுகளையும் இயக்கும் ரைமிங் பெல்ட்டினால் வெளியிலிருந்து சுழற்றப்படுவது. ஆகவே அதன் தண்டுச் சீல் கசிந்தால் டீசல் சம்புக்குள் போகாது. பெல்ட் மூடிக்குள்தான் வழியும். சம்பில் டீசல் இருந்தால், சொட்டுகின்ற இன்ஜெக்டர் ஒன்றிலிருந்து பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து இறங்கியது என்று பெரும்பாலும் முடிவுசெய்யலாம். அந்த நிலையில் தடித்த ஒயிலை ஊற்றுவது, நீர்த்துப் போவதற்கு இன்னும் ஒரு சம்பு ஒயிலை வாங்கிக் கொடுப்பதே ஆகும்.

புழுதிக்காடு

ஸ்பானர் அண்ணா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 20டபிள்யூ-50 ஒயிலைத் தீண்டத்தகாத பொருள்போல் ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. வவுனியாவில் என்னிடம் உள்ள 2எல் என்ஜினுக்குப் பல ஆண்டுகளாக அதைத்தான் ஊற்றுகிறேன். ஒயில் எரிப்பு முன்பைவிடக் குறைந்திருக்கிறது, சத்தமும் அடங்கியிருக்கிறது, புகைப் பரிசோதனையிலும் தவறாமல் தேறுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் செட்டிகுளம் பக்கத்துக் கிரவல் வீதிகளில் சுமையோடு ஊர்ந்து செல்லும் வாகனத்துக்கும், குளிர்நாட்டில் பனியில் நிற்கும் வாகனத்துக்கும் ஒரே ஒயிலைப் பரிந்துரைப்பது எப்படிப் பொருந்தும்?

ஸ்பானர்

நியாயமான கேள்வி. நான் 20டபிள்யூ-50ஐ விலக்கவில்லை. அளக்காமல் அதற்கு மாறுவதையே விலக்குகிறேன். அக்காலக் கையேடுகளின் வெப்பநிலை அட்டவணைகளில் வெப்ப நாடுகளுக்கு அந்தத் தடிப்பும் இடம்பெறுவது வழக்கம்தான். தேய்மானம் உறுதியாகி, என்ஜினைத் திறக்கும் வசதி இப்போதைக்கு இல்லையென்றால், ஓரிரு போகங்களைக் கடத்துவதற்கு அது ஏற்றுக்கொள்ளத்தக்க வழியே.

இலக்கங்களின் பொருளைப் பார்ப்போம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஒயில் நடந்துகொள்ளும் விதத்தைக் குறிப்பது. 15டபிள்யூ ஒயிலைப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிலும், 20டபிள்யூ ஒயிலைப் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையிலும் சோதிக்கிறார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அந்த வேறுபாட்டுக்குப் பெரிய வேலை இல்லை. பின்னால் உள்ள எண்தான் நமக்கு முக்கியம். 100 பாகை வெப்பத்தில் 40 தர ஒயிலின் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்ரிஸ்ரோக்ஸ் (பாகுநிலையின் அலகு) வரையிலும், 50 தர ஒயிலினது 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்கும். 40 தரத்தின் மேல் எல்லையிலுள்ள ஒயிலுக்கும் 50 தரத்தின் கீழ் எல்லையிலுள்ள ஒயிலுக்கும் இடையே நடைமுறையில் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். ஆகவே தடிப்பைப் பற்றி இவ்வளவு வாதாடுவதைவிட, எந்த ஒயிலானாலும் அதை எப்போது மாற்றுகிறோம் என்பதைப் பற்றி வாதாடுவது பயன் தரும்.

அழுத்தம் என்பது ஒயில் செல்லும் வழியிலுள்ள தடையினால் உண்டாவது. தடித்த ஒயில் மானியின் முள்ளை உயர்த்துவது உண்மை. ஆனால் முள் உயர்ந்ததனாலேயே பெயாரிங்குக்கு அதிக ஒயில் கிடைக்கிறது என்று கொள்ள முடியாது. காலையில் ஸ்ராற் செய்த முதற் சில வினாடிகளில், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு வரை ஒயில் ஏறிச் சேருவதற்கு எடுக்கும் நேரம் தடிப்போடு கூடுகிறது. தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்த நேரத்தில்தான் நிகழ்கிறது. தடிப்பைக் கூட்டும் திரவத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன்: ஒயில் தயாரிப்பாளர் அளந்து சேர்த்த வேதிப்பொருள்களின் சமநிலையை, போத்தலில் என்ன இருக்கிறதென்று அறியாமல் நாமே குலைக்க வேண்டியதில்லை.

மெல்பேண் வாசகன்

நான் அவுஸ்திரேலியாவில் சுரங்க வாகனங்களைப் பராமரிக்கும் பணிமனையில் வேலை செய்கிறேன். இங்கும் பழைய எல் வரிசை ஹைலக்ஸ்கள் பண்ணைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உரையாடல் தடிப்பைச் சுற்றியே நிற்பதால், அதைவிட முக்கியமானதாக நான் கருதும் இரண்டைச் சேர்க்கிறேன்.

முதலாவது, போத்தலின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின், தரம். இந்த என்ஜின் வடிவமைக்கப்பட்ட காலத்தில் சிடி தரம் போதுமானதாக இருந்தது. அதன் பின் 1998இல் சிஎச்-4, 2002இல் சிஐ-4, 2006இல் சிஜே-4, 2016 இறுதியில் சிகே-4 என்று தரங்கள் வந்தன. புதியது எப்போதும் மேலானது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சிஜே-4, சிகே-4 ஆகியவை, புகைவடிகட்டி பொருத்திய புதிய என்ஜின்களையும் கந்தகம் 15 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் 15 பங்கு) மேற்படாத டீசலையும் மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை. வடிகட்டி அடைபடாமல் இருப்பதற்காக அவற்றில் சாம்பலின் அளவு 1 வீதத்துக்குள் மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்தச் சாம்பலைத் தருவது பெரும்பாலும் கல்சியம், மக்னீசியம் கொண்ட சுத்திகரிப்புச் சேர்மங்கள். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து நீராவியோடு சேர்ந்து உருவாகும் அமிலத்தை நடுநிலையாக்குபவையும் அவையே. சிஐ-4 தரமோ 0.5 வீதம் வரை கந்தகம் கொண்ட டீசலுக்கும் ஏற்றதாக வரையறுக்கப்பட்டது.

இலங்கையில் ஓட்டோ டீசல், சுப்பர் டீசல் என இரண்டு வகை விற்கப்படுகின்றன. பின்னதில் கந்தகம் மிகவும் குறைவு. ஆனால் வயலுக்குப் போகும் வாகனங்கள் பெரும்பாலும் விலை குறைந்த ஓட்டோ டீசலில்தான் ஓடுகின்றன. அப்படியானால் கண்டாவளையானின் என்ஜினுக்கு நல்ல நிறுவனம் ஒன்றின் சிஐ-4 ஒயிலே மிகப் பொருத்தமானது. கடையில் சிகே-4 மட்டுமே இருந்தால் அதையும் ஊற்றலாம், என்ஜினுக்குக் கேடில்லை. மாற்றும் இடைவெளியை மட்டும் நீட்ட வேண்டாம். இங்கே 2009 முதல் டீசலில் கந்தகத்தின் எல்லை 10 பிபிஎம் என்பதால், எங்கள் பண்ணைக்காரர்கள் ஒயிலை நீண்ட காலம் வைத்திருப்பதைப் பார்த்து நீங்களும் அவ்வாறு செய்தல் கூடாது.

இரண்டாவது, கறுப்பு நிறம். 3எல் என்ஜினில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதில்லை. சிலிண்டர்களை மேலே மூடும் தலையிலுள்ள சுழலறையில் எரியத் தொடங்கி அங்கிருந்து கீழே பாய்கிறது. இந்த அமைப்பில் புகைக்கரி ஒயிலோடு சேருவது தவிர்க்க முடியாதது. அந்தக் கரியைத் துகளாகப் பிரித்துத் தன்னுள் மிதக்கவைத்திருப்பது ஒயிலின் கடமை. மாற்றிய இரண்டாம் நாளே ஒயில் கறுத்தால், அது தன் வேலையைச் செய்கிறது என்பதோடு, வடித்த பின்னும் உள்ளே எஞ்சியிருந்த பழைய ஒயிலின் கறுப்பும் அதில் சேர்ந்திருக்கிறது என்றே பொருள். ஓடி முடித்த டீசல் என்ஜினின் ஒயில் தேன் நிறத்தில் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். நிறத்தை விட்டுவிட்டு, விரல்களுக்கிடையே தேய்த்து நறநறப்பு உண்டா என்று பாருங்கள். எங்கள் பணிமனையில் ஒயில் மாதிரிகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது முதலில் தேடுவது சிலிக்கன், அதாவது மண் தூசு. சிலிக்கனும் இரும்பும் சேர்ந்து கூடியிருந்தால் காற்று வழியில் எங்கோ கசிவு இருக்கிறது.

புழுதிக்காடு

தூசு பற்றிச் சொன்னதால் ஒரு சொல். எங்கள் பகுதியில் எயார் பில்டரை கொம்பிரசர் காற்றால் வெளிப்பக்கத்திலிருந்து அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். தூசு கடதாசியின் ஊடாக உட்பக்கம் தள்ளப்படுகிறது, கடதாசியும் கிழிகிறது. அடிப்பதாயின் உள்ளிருந்து வெளியே, குறைந்த காற்றில் அடிக்க வேண்டும். பில்டர் பெட்டிக்கும் இன்ரேக் குழாய்க்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாயின் அடிப்பக்க வெடிப்பு மேலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றி வளைத்துப் பார்க்க வேண்டும்.

தீவகத்தான்

ஒயிலைப் பற்றிய உரையாடலில் தண்ணீரைப் பற்றிச் சொல்வதற்குப் பொறுத்தருள்க. ஆனால் எல் வரிசை என்ஜின்கள் ஒயிலினால் இறந்ததைவிடத் தலை வெடித்து இறந்ததே அதிகம். குறிப்பாக டேர்போ பொருத்திய 2எல்-டி வகை அதற்குப் பெயர் போனது. யாழ் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறியது, கடினத்தன்மை மிகுந்தது. எங்கள் தீவுகளில் அதோடு உப்பும் சேரும். அந்த நீரை ரேடியேற்றருக்கு ஊற்றினால், கொதிகேத்திலின் அடியில் படிவது போலவே என்ஜினின் நீர்வழிகளிலும் சுண்ணாம்பு படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். உப்பு நீரானால் தலையின் அடிப்பரப்பும் கேஸ்கெட் விளிம்பும் அரிக்கப்படும். ஆயத்தமாகக் கலந்து விற்கும் கூலன்டை வாங்குங்கள். அல்லது செறிவுக் கூலன்டை வடித்த நீருடன் கலந்து ஊற்றுங்கள். வடித்த நீர் கிடைக்காவிட்டால் சுத்தமாகச் சேகரித்த மழைநீர்கூடக் கிணற்று நீரைவிட மேலானது.

வெப்ப நாட்டுக்கு, என்ஜின் சூடேறும்வரை ரேடியேற்றருக்கு நீர் போவதைத் தடுக்கும் தேமோஸ்டாற் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிகிறார்கள். அடியில், நீர் ரேடியேற்றரைத் தவிர்த்துச் சுற்றும் பைபாஸ் வழியை மூடும் தட்டுள்ள தேமோஸ்டாற்றை நீக்கினால், சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். வெயிலில் சுமையோடு ஏறும்போது வெப்பம் கூடும். காலையில் குறுகிய ஓட்டத்தில் என்ஜின் உரிய வெப்பத்தை எட்டாமல் இருப்பதனால் எரியாத டீசலும் நீர்த்துளியும் ஒயிலில் சேரும். இப்படித் தண்ணீர்ப் பக்கத்துத் தவறு கடைசியில் ஒயிலில் வந்து நிற்கிறது.

கண்டாவளையான்

எல்லோருக்கும் நன்றி. தேமோஸ்டாற் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியவில்லை, பார்க்கிறேன். டீசல் ஊற்றிக் கழுவுவதைப் பற்றி எவரும் சொல்லவில்லையே?

ஸ்பானர்

வேண்டாம். டீசல் கலந்த ஒயிலில் பெயாரிங்குகளைச் சுழற்றுவது, எதைக் காப்பாற்றப் பாடுபடுகிறோமோ அதையே தேய்ப்பது. அது மட்டுமல்ல, பல ஆண்டுகளாகச் சம்பின் அடியில் அசையாமல் கிடந்த படிவு ஒரேயடியாகக் கரைந்து பெயர்ந்தால், போய்ச் சேரும் இடம் உறிஞ்சு வலை. நல்ல ஒயிலே மெதுவாகக் கழுவும். ஒயிலையும் பில்டரையும் மாற்றி, 1,500 கிலோமீற்றர் அளவில் இரண்டையும் மீண்டும் மாற்றுங்கள். சூடாக இருக்கும்போதே வடியுங்கள். சமதரையில் நிறுத்தி, சொட்டு நிற்கும்வரை பொறுமையாக விடுங்கள். கழற்றிய பில்டரை வெட்டி, கடதாசியை விரித்து வெயிலில் பாருங்கள். மினுங்கும் செம்பு நிறத் துகள் தென்பட்டால் மூன்றாமவர் சொன்ன பெயாரிங் வேலைக்கு ஆயத்தமாகலாம். கரியும் சேறும் மட்டுமே இருந்தால் அந்தப் பேச்சு இப்போது தேவையில்லை. இன்னொன்று, மிக மலிவான பில்டர்களில் ஒயில் திரும்பி வடிவதைத் தடுக்கும் றப்பர் வால்வு கடினமாகி வேலை செய்யாமல் போகும். காலையில் ஸ்ராற் செய்ததும் விளக்கு அணையத் தாமதித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதையே.

இடைவெளியைப் பொறுத்தவரை, போகத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு எனக்குத் திருப்தி தரவில்லை. அறுவடைக் காலத்தில் இரண்டு மாதத்தில் ஓடுவதும் மற்றக் காலத்தில் நான்கு மாதத்தில் ஓடுவதும் சமமல்ல. தொலைபேசியில் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அல்லது அடித்த டீசலின் லீற்றர்களைக் கூட்டி வாருங்கள். உங்கள் வாகனம் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுவதாக வைத்தால் 500 லீற்றர் டீசலுக்கு ஒரு ஒயில் மாற்றம். உண்மையில் ஒயிலைக் கெடுப்பது எரிந்த டீசலின் அளவே என்பதால், சுமையேற்றும் வாகனத்துக்கு இந்தக் கணக்கு கிலோமீற்றரைவிடப் பொருத்தமானதுகூட. ஓட்டம் மிகக் குறைந்தாலும் ஆறு மாதத்தைத் தாண்ட வேண்டாம். 2022இல் டீசல் இல்லாமல் வாகனங்கள் மாதக்கணக்கில் நின்றபோது, ஓடாத ஒயில்தானே என்று அதையே வைத்து மீண்டும் ஓட்டியவர்கள் பலர். அமிலமும் ஈரமும் கலந்த பழைய ஒயில் சும்மா நிற்கும் என்ஜினுக்குள்ளும் தன் வேலையைச் செய்யும்.

மேலும், கிலோமீற்றர் மானி நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இந்த வாகனங்களின் முகப்பில் ரைமிங் பெல்ட்டுக்கென ஒரு விளக்கு உண்டு. 100,000 கிலோமீற்றர் ஆனதும் அது எரிந்து பெல்ட்டை மாற்றச் சொல்லும். அந்தக் கணக்கை வைத்திருப்பது அதே மானிதான். மானி நின்றால் விளக்கு ஒருபோதும் எரியாது. இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால், ஒயில் விளக்கைவிட அவசரமான வேலை இதுவே. மாற்றும்போது கேம் தண்டுச் சீல், கிராங் முன்சீல், இழுவிசை உருளை ஆகியவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒயிலில் நனைந்த புதிய பெல்ட்டும் நீண்ட காலம் தாங்காது.

மெல்பேண் வாசகன்

ஸ்பானர் சொன்ன லீற்றர்க் கணக்கை வழிமொழிகிறேன். பெரிய இயந்திரங்களுக்கு எரிபொருள் அளவை வைத்து ஒயில் மாற்றும் முறை இங்கேயும் உண்டு.

கண்டாவளையான்

நிலவரத்தை அறியத் தருகிறேன். தெரிந்த ஒருவரிடம் அழுத்தமானி இருந்தது. சரியான புரியுள்ள இணைப்பானைப் பெற்றுப் பொருத்தி, சுமையோடு ஓட்டி வந்து அளந்தோம். சூடான என்ஜினில் வெறும் ஓட்டத்தில் 0.8 கிலோகிராமும், 3,000 சுற்றில் 3.4 கிலோகிராமும் காட்டியது. 0.8 இருக்கும்போதே பழைய சுவிட்சை இணைத்தால் விளக்கு மினுங்கியது. புதிய சுவிட்சில் மினுங்கவில்லை. பில்டரை வெட்டிப் பார்த்தோம், கரியைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை. பெல்ட்டின் பின்புறத்தில் மெல்லிய வெடிப்புகள் இருந்தன. அதை உடனே மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஆனால் புதிய கவலை ஒன்று. கீழே படுத்துப் பார்த்தபோது ஒல்டனேற்றரின் பின்புறம் முழுவதும் ஒயில் படிந்திருந்தது. மின்சாரம் பிறப்பிக்கும் உறுப்பில் ஒயிலுக்கு என்ன வேலை?

ஸ்பானர்

அளவுகள் நல்லவை. தடித்த ஒயிலும் வேண்டாம், பெயாரிங்கும் வேண்டாம். 15டபிள்யூ-40 சிஐ-4 ஒயிலையே தொடருங்கள்.

ஒல்டனேற்றர் விடயம் நீங்கள் முதலில் கேட்டதைவிடப் பெரியது. டீசல் என்ஜினின் இன்ரேக் வழியில், பெற்றோல் என்ஜினில் இருப்பது போன்ற வெற்றிடம் கிடைப்பதில்லை. பிரேக் மிதியை இலகுவாக்கும் சேர்வோவுக்கு வெற்றிடம் தேவை. அதற்காகவே ஒல்டனேற்றரின் பின்புறத்தில், அதே தண்டில் ஒரு வெற்றிடப் பம் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பம்முக்கு என்ஜின் ஒயில் அழுத்தத்தோடு ஒரு சிறு குழாயால் செல்கிறது. பயன்படுத்திய ஒயில் சற்றுப் பருத்த றப்பர்க் குழாயால் சம்புக்குத் திரும்புகிறது. இந்தக் குழாய்கள் எக்காலத்திலும் எவராலும் மாற்றப்படுவதில்லை. ஒயில் செல்லும் குழாய் வெடித்தால் சம்பு முழுவதும் சிறிது நேரத்தில் வீதியில் கொட்டிவிடும், அதேவேளை பிரேக்கும் கடினமாகும். திரும்பும் குழாயின் உட்புறம் வீங்கி அடைபட்டால் ஒயில் பம்முக்குள் தேங்கி, தண்டுச் சீலைத் தாண்டி ஒல்டனேற்றருக்குள் புகுந்து கார்பன் பிரஷ்களை நனைக்கும். பற்றரி மின்னேறாமல் போகும்.

முழுவதையும் கழுவித் துடைத்து உலர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். குழாய் முனைகளில் ஈரம் தெரிந்தால் குழாய்களையும் கிளிப்புகளையும், செம்பு வாஷர்களையும் மாற்றினால் போதும். ஒல்டனேற்றருக்கும் பம்முக்கும் இடையிலுள்ள இணைப்பில் ஈரம் தெரிந்தால் தண்டுச் சீல் போய்விட்டது; கழற்றியே ஆக வேண்டும். மாற்றுக் குழாய் சூடான ஒயிலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயையோ சாதாரண டீசல் குழாயையோ வெட்டிப் பொருத்த இடமளிக்காதீர்கள். சில மாதங்களிலேயே உப்பி மென்மையாகிவிடும். புதியதைப் பொருத்திய பின், முதல் முறை ஸ்ராற் செய்ததும் உடனே புறப்படாமல் பிரேக்கைச் சில தடவை அழுத்திப் பாருங்கள். வெற்றிடம் சேரச் சிறிது நேரம் எடுக்கும்.

தீவகத்தான்

மேலே கூறியதோடு, டீசல் பில்டரின் அடியிலுள்ள நீர் வடிக்கும் திருகையும் மறந்துவிடாதீர்கள். மாரி காலத்தில் மாதம் ஒருமுறையாவது திறந்து வடியுங்கள். இந்த இன்ஜெக்‌ஷன் பம்முக்கென்று தனி ஒயில் இல்லை. அதனூடாகச் செல்லும் டீசலே அதன் மசகும் ஆகும். நீரும், மலிவுக்காகக் கலக்கப்படும் மண்ணெண்ணெயும் அதற்கு நஞ்சு.

நெல்மூடை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் உள்ளது டேர்போ பொருத்திய 2எல்-டி. மேலே சொன்ன ஒயில் ஆலோசனைகள் அதற்கும் பொருந்துமா?

ஸ்பானர்

தரமும் தடிப்பும் அவையே. இடைவெளியை மட்டும் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். டேர்போவின் தண்டு ஒயில் படலத்தில் மிதந்தே சுழல்கிறது. சுமையோடு ஓடி வந்து உடனே என்ஜினை நிறுத்தினால், ஓட்டம் நின்ற ஒயில் அந்தச் சூட்டில் கருகிக் கெட்டியாகி வழியை அடைக்கும். நிறுத்துவதற்கு முன் ஓரிரு நிமிடம் வெறும் ஓட்டத்தில் விடுங்கள். டேர்போவிலிருந்து இன்ரேக்குக்குச் செல்லும் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். மெல்லிய ஈரம் இருப்பது இயல்பு, தேங்கி நிற்கும் அளவுக்கு ஒயில் இருந்தால் சீல் தேய்ந்திருக்கலாம் அல்லது என்ஜினின் சுவாசக் குழாய் அடைபட்டிருக்கலாம். சுவாசக் குழாயை முதலில் கழுவுங்கள், செலவில்லாத வேலை அது. தலை வெடிக்கும் நோயைப் பற்றித் தீவகத்தான் முன்பே எழுதியிருக்கிறார். உங்கள் வாகனத்தின் வெப்பமானி முள் வழக்கமான இடத்திலிருந்து சிறிது ஏறினாலும் ஓரமாக நிறுத்திவிடுங்கள், ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம்.